தெருமுனைக் குப்பைமேடு: உற்பத்தி, ஸ்திதி, உரிமை பற்றிய ஓர் ஆராய்ச்சி

சென்னை மாநகரின் எந்தத் தெருவானாலும், அதன் முனையில், காலிமனைச் சுவரோரமாகவோ டிரான்ஸ்பார்மரின் அடியிலோ, எவரும் கால்கோள் இடாமலும் எவரும் திறப்புவிழா நடத்தாமலும் தானே எழுந்து நிற்கும் ஒரு சிறு மேட்டைக் காணாதவர் இரார். ஆயினும் சுயம்புவான இவ்வஸ்துவைக் குறித்து இதுகாறும் முறையான விசாரம் நடைபெறாதது நம் பண்டிதர்களின் அசிரத்தையையே காட்டுகிறது.

முதலில் காலநிர்ணயம். வீதியில் குப்பை எறிபவனுக்கு எட்டில் ஒரு பணமும், சேறும் நீரும் தேங்கவிடுபவனுக்குக் கால் பணமும் அபராதம் விதிக்கும் அர்த்தசாஸ்திரம், ராஜவீதியாயின் அதனை இரட்டிப்பாக்குகிறது. எறிபவன் இல்லாத ஊரில் அபராதம் எதற்கு என்னும் அருத்தாபத்திப் பிரமாணத்தைக் கொண்டு நோக்கின், 1688-இல் தோன்றிய நமது மாநகராட்சியைக் காட்டிலும் மேடு பன்மடங்கு தொன்மையானது என்பது சித்திக்கும். மாநகராட்சியார் இதில் ஆறுதல் கொள்வாராயின் நமக்கு ஆட்சேபமில்லை.

இனி உற்பத்தி. இரவு பத்து மணிக்குமேல் முடிச்சிட்ட பை ஒன்று அவ்விடம் வந்து சேர்கிறது. அதை வைத்தவர் இன்னாரென்று அறிந்தவர் இலர். மறுநாள் வரும் இரண்டாம் பைக்காரர் தம்மைக் குப்பை போடுபவராகவே கருதுவதில்லை. போட்ட இடத்தில் போடுபவர் என்றே கருதுகிறார். இவ்விருவருக்கும் இடையேயுள்ள தத்துவபேதத்திலேதான் மேடு பிறக்கிறது. ‘இங்கு குப்பை கொட்டாதீர்’ என்னும் பலகை, இடம் தெரியாது தவிக்கும் புதுக் குடித்தனக்காரருக்கு வழிகாட்டியாக உதவுகிறது. சுவரில் சாமி படம் போட்ட ஓடு பதித்தால் மட்டும் பக்தி வேலைசெய்கிறது: மேடு மரியாதையாக நகர்ந்து, அடுத்த வீட்டுச் சுவரில் சாய்ந்துகொள்கிறது.

இனி உரிமை. இதில் மிகச் சிக்கலானது, மேட்டிற்குச் சருகும் கிளையும் தரும் தெருமரத்தைப் பற்றிய வாதம். புங்கமரத்தின் நிழல் அதன் கீழே கார் நிறுத்துபவருக்குச் சொந்தம். இளவேனிலில் அது சிந்தும் பூ எதிர்வீட்டுக்காரரின் வழக்கு. அது உதிர்க்கும் சருகோ எப்போதும் மாநகராட்சிக்கே உரியது. கம்பியில் உரசும் கிளை, மரத்தில் இருக்கும்வரை மின்சாரக்காரர்களுடையது. அவர்களால் வெட்டப்பட்டுத் தரையைத் தொட்ட அக்கணமே யாருக்கும் உரியதன்றி, பரப்பிரம்மம்போல் நிர்க்குணமாய் நடைபாதையில் கிடக்கிறது. 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள், மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரித்து, தோட்டக் கழிவை அவரவர் வளாகத்திலேயே தனியே வைக்குமாறு பணித்தன. அவ்வாண்டு டிசம்பர் 12-ஆம் நாள் வந்த வர்தா புயல், மரங்களை வேரோடு சாய்த்து, எது எவர் வளாகம் என்ற பேதத்தையே ஒழித்தது.

இத்தனை வாதங்களிலும் கலந்துகொள்ளாதவர் ஒருவர் உண்டு. விடிந்ததும் துடைப்பத்தோடு வரும் தூய்மைப் பணியாளர் அம்மாள், இளநீர் மட்டையையும் உடைந்த கண்ணாடியையும், சொல்லக் கூசுகிற பிறவற்றையும் நாம் பிரிக்காத காரணத்தால் தம் கையாலேயே பிரிக்கிறார்; அவரைப் பார்த்து, ‘இன்னும் அள்ளவில்லையா?’ என்று மாடியிலிருந்து கேட்பவரே பெரும்பாலும் அந்த இரண்டாம் பைக்காரர் என்பது எமது துணிபு. அள்ளியது வண்டியேறி, கொடுங்கையூருக்கோ, பள்ளிக்கரணைச் சதுப்பிலமைந்த பெருங்குடிக்கோ போய், அங்கே மலைப் பதவி எய்தியது நகரம் அறிந்த சரித்திரம்.

முதற் பைக்காரர் யார் என்ற வினா மட்டும் தீராதிருக்கிறது. இதற்குத் தக்க ஆதாரம் காட்டவல்ல அன்பர்கள் எழுத்துமூலம் தெரிவிக்கலாம். சான்றுப் பொருளை எமது வாசலுக்கு அனுப்பிவைக்க வேண்டாமென்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.