முட்டுக்கட்டைக்காரன் காது

ஏன்டா பேராண்டி, கீழ்வேளூர்த் திண்ணையில ஒக்காந்துக்கிட்டு டிவியைப் பாத்து இந்தக் கத்து கத்துறியே, அந்த நீலச் சட்டைக்காரன் காதுல ஏதாச்சும் விழுந்துச்சா? கொட்டாயில நம்ம செவலைப் பசு ரெண்டு தரம் திரும்பிப் பாத்துச்சு. உங்க அம்மாச்சி, யாருக்கு என்ன ஆச்சோன்னு அடுப்படியிலேருந்து கரண்டியோட ஓடியாந்தா. அந்த ரெண்டு பேரைத் தவிர உன் கூச்சலுக்கு அசைஞ்சவன் ஒருத்தனும் இல்லை.

கேட்டா என்னமோ சொல்றே. "மொமெண்டம் நம்ம பக்கம் வந்துடுச்சு தாத்தா, இப்பக் கூட்டம் மட்டும் கத்துச்சுன்னா கோல் நிச்சயம்"ங்கறே. இன்ஜினியரிங் படிக்க நான் வித்த நெல்லுக்கு ஒரு வார்த்தையாவது கத்துக்கிட்டு வந்தியே, அது வரைக்கும் சந்தோஷம். ஒக்காரு. அந்தச் சீவல் டப்பாவை இப்படித் தள்ளு. கால்பந்து எனக்குத் தெரியாது, ஆனா கடைமடையில பொறந்தவனுக்கு வேகம்னா என்ன, சத்தம்னா என்னன்னு கொஞ்சம் தெரியும்.

உன் கட்சிக் கதையையே எடுத்துக்குவோம். சென்னையின் எஃப்.சி. மொதல்ல ஐ.எஸ்.எல். கப்பு வாங்கினது எப்ப? 2015 டிசம்பர் 20. எங்க? கோவாவுல, ஃபடோர்டா மைதானத்துல. எதிராளி யாரு? கோவாக்காரனேதான்! அவன் ஊரு, அவன் மைதானம், சுத்தி அவன் சனம். ஜிடேன்கிட்ட நெஞ்சுல முட்டு வாங்கினாரே மத்தராஸி, அவர்தான் நம்மாளுங்களுக்குக் கோச். 87ஆவது நிமிஷம் கோவா 2-1னு முந்திட்டான். ஆட்டம் முடிய மூணு நிமிஷம். நீ சொல்ற மொமெண்டமும் அவன் பக்கம், சத்தமும் அவன் பக்கம். அப்புறம் என்ன ஆச்சு? 90ஆவது நிமிஷம் அவன் கோலியே பந்தைத் தன் வலைக்குள்ள விட்டுட்டான். கூடுதல் நேரத்துல மென்டோசா ஒண்ணு அடிச்சான். 3-2. பட்டாசு வாங்கி வச்சிருந்தவன்லாம் அப்படியே வீட்டுக்குக் கொண்டு போனான்.

சரி, அது ஒரு தடவைன்னு வெச்சுக்க. 2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா மைதானம். லீக்ல பெங்களூருக்காரன் எட்டுப் பாயின்ட் கூட வாங்கி மொதல் எடத்துல நின்னான். ஒம்பதாவது நிமிஷமே சுனில் சேத்ரி கோல். மைதானம் பிச்சுக்கிட்டுப் போவுது. பின்னாடி நின்ன மெயில்சன் ஆல்வஸ் ரெண்டு கார்னருக்கு ஏறி வந்து ரெண்டு தலை முட்டு முட்டினான். அவ்வளவு சத்தத்துலயும் அந்தத் தலைக்குப் பந்து வர்ற திக்கு தெரிஞ்சுது பாரு. மறுபடி 3-2, மறுபடி அடுத்தவன் வாசல்ல கப்பு.

2020 மார்ச் 14 வந்துச்சு. கொரோனான்னு சொல்லி ஃபடோர்டாவுல ஈ காக்கா இல்லாம ஃபைனல். எதிராளிக்குக் கைதட்ட ஒரு ஆள் கெடையாது. உன் சட்டப்படி அன்னிக்குத்தான் நம்மாளுங்க ஜம்முன்னு ஜெயிச்சிருக்கணும். கொல்கத்தா ஏ.டி.கே.கிட்ட 3-1னு தோத்தான். நம்ம பயலுகளுக்கு அடுத்தவன் கூட்டம் திட்டலேன்னா சோறு செரிக்காது போலிருக்கு! சிரிக்காதே. மூணு மேட்ச்சை வச்சு நான் கட்டுற இந்த விதியும், நீ டிவி முன்னாடி ஒக்காந்து மொமெண்டம்னு கட்டுற விதியும் ஒரே களத்துப் பதருதான்.

உன் செல்லுல பாத்து நீயே சொன்னே, மறந்துட்டியா? 2025 வரைக்கும் ஐ.எஸ்.எல். ஃபைனல் அஞ்சு தடவை, ஆடுற ரெண்டு பேர்ல ஒருத்தனோட சொந்த மைதானத்துலயே நடந்திருக்கு. 2015ல கோவா தோத்தான். 2016ல கொச்சியில கேரளா பிளாஸ்டர்ஸ் பெனால்ட்டியில தோத்தான். 2018ல பெங்களூரு. 2024ல சால்ட் லேக்ல மோகன் பகான், அதுவும் ஒரு கோல் முந்தி நின்னுட்டு மும்பைகிட்ட 3-1னு தோத்தான். அஞ்சாவது, 2025லதான் அதே மோகன் பகான் கூடுதல் ஆட்டம் ஆடித் தன் வீட்டுல கப்பை வாங்கினான். அஞ்சுக்கு நாலு பழுது. இப்படி முளைக்கிற விதையை நான் நாத்தங்காலுக்குக் கொண்டு போவேனா?

சொந்தக் கூட்டம் இருக்கே, அது சொந்தக்காரன் கழுத்துலயே ஏறி ஒக்காரும்டா. மக கல்யாணத்துல சொந்தபந்தம் பூராவும் வாயைப் பாத்துக்கிட்டு நிக்கறப்பதான் நமக்கு மாப்பிள்ளை பேரே மறந்து போவும்.

1950ல பிரேசில்காரனுக்கு அதுதான் ஆச்சு. ரியோவுல மரக்கானா மைதானம், டிக்கெட் வாங்கினவனே ஒரு லட்சத்து 73 ஆயிரத்துக்கு மேல. சமன் பண்ணினாலே உலகக் கோப்பை பிரேசிலுக்கு. எடைவேளை முடிஞ்ச கையோட ஒரு கோலும் போட்டுட்டான். உருகுவே கேப்டன் ஒப்துலியோ வரேலா என்ன பண்ணினான் தெரியுமா? பந்தை எடுத்துக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு மெதுவா நடந்து ரெஃப்ரிகிட்ட போனான். அது ஆஃப்சைடுன்னு வழக்கு. ரெஃப்ரி இங்கிலீஷ்காரரு, இவனுக்கு ஸ்பானிஷ் பேச்சு. மொழிபெயர்க்க ஆளைக் கூப்பிடுன்னு நின்னுட்டான். கோல் செல்லும்னு அவனுக்கும் தெரியும். அவனுக்கு வேண்டியது தீர்ப்பு இல்லை, கூட்டம் கத்திக் கத்தித் தொண்டை காயறதுக்குக் கொஞ்ச நேரம். நம்ம ஊர்ப் பஞ்சாயத்துல, தோக்கப் போறவன் "மொதல்ல அந்தப் பழைய பத்திரத்தைக் கொண்டாங்க"ன்னு ஆளை அனுப்புவான் பாரு, அதே சூது. 2-1னு உருகுவே ஜெயிச்சுச்சு. வரேலா நம்ம தாலுகாவுல பொறந்திருந்தா வக்கீலா வந்திருப்பான்.

இப்ப உன் மொமெண்டத்துக்கு வருவோம். நேத்து வாய்க்கால்ல தண்ணி வேகமா வந்துச்சு, அதனால இன்னிக்கும் வரும்னு நம்பறவன் மேட்டூர்ல குடியிருக்கணும். ஜூன் 12 அணை தொறந்தாங்கன்னு பேப்பர்ல பூ தூவுற படம் வரும். கல்லணை தாண்டிருச்சும்பான். கடைமடைக்காரன் அதுக்கெல்லாம் ஏர் கட்ட மாட்டான். தன் மடையில கால் நனையணும், அப்பத்தான் நம்புவான். தண்ணி ஓடுறது நேத்து ஓடுச்சுங்கறதுக்காக இல்லடா, மேல மட்டம் ஒசரமா இருக்கறதுக்காக. மட்டம் கொறைஞ்சா நேத்தைய வேகம் வரப்புக் குத்தறதுக்குக்கூட உதவாது.

2005ல இஸ்தான்புல்ல நடந்த ஃபைனலை ராத்திரி பூரா போட்டுக் காட்டினியே. மிலான் 3-0. அப்புறம் லிவர்பூல் 54, 56, 60னு ஆறு நிமிஷத்துல மூணு போட்டான். பாத்தியா தாத்தா மொமெண்டம்னு குதிச்சே. சரி, 60ஆவது நிமிஷத்துக்கு அப்புறம் அந்த மொமெண்டம் எங்கடா போச்சு? வெத்தலை வாங்கப் போச்சா? இன்னும் ஒரு மணி நேரம் ஆடினாங்க, ஒரு கோல் இல்லை. கடைசியில மிலான்தான் முட்டி மோதினான், கோலி டூடெக் சாமி மாதிரி தடுத்தான், பெனால்ட்டியில தப்பிச்சாங்க. ஓடறப்ப மொமெண்டம்னு பேரு வைக்கிறே, நின்னா பேசாம இருந்துடறே. ஜோசியக்காரன்கூட இவ்வளவு சவுகரியமாத் தொழில் பண்ணலையே!

2014ல பிரேசில் தன் ஊர்லயே ஜெர்மனிகிட்ட 7-1 வாங்கினானே, அதுல 23லேருந்து 29க்குள்ள நாலு கோல். அதை நான் இல்லேங்கலை. ஆனா அது ஜெர்மனிக்கு வந்த வேகமா? ஆத்துல உடைப்பு எடுத்தா, தண்ணி என்ன வேகமா வருது பாருங்கறோம். தண்ணி காலைல வந்த அதே தண்ணிதான், கரைதான் இல்லை. நெய்மாருக்கு முதுகுல அடி, கேப்டன் தியாகோ சில்வாவுக்குத் தடை. கரையில ஏற்கனவே ரெண்டு எலி வளை. ஒரு எடம் கரைஞ்சதும் பூரா கரையும் மண்ணைத் தேடி ஓடுச்சு. பயத்துக்கு ஓட்டம் உண்டு, ஒத்துக்கறேன். அதைச் செயிக்கறவன் கணக்குல எழுதாதே.

படிச்சவங்களும் இதுல நம்ம டீக்கடை மாதிரிதான். 1985ல மூணு பேரு கூடைப்பந்தை எண்ணிப் பாத்து, வரிசையாப் போட்டவன் அடுத்ததும் போடுவாங்கறது நம்ம கண்ணோட மயக்கம்னு எழுதினாங்க. 33 வருஷம் கழிச்சு, 2018ல ரெண்டு பேரு வந்து, நீங்க எண்ணின முறையிலயே ஒரு ஓட்டை, கொஞ்சம் உண்டுதான்னாங்க. நீதான் வாசிச்சுக் காட்டினே. கொஞ்சம் உண்டு. உன் தொண்டை கிழியற அளவுக்கு இல்லை.

சத்தத்துக்கு நீ ஒரு நல்ல சாட்சி கொண்டாந்தே, அதை மறைக்க மாட்டேன். நம்ம ஊர்க் கேடிலியப்பர் சந்நிதிக்குக் கூப்பிடு தூரத்துல ஒக்காந்துக்கிட்டுப் பொய் சொல்லக் கூடாது. 2020 மே மாசம் ஜெர்மனியில ஆளே இல்லாத மைதானத்துல ஆட்டம் திரும்பத் தொடங்கினப்ப, மொதச் சுத்து ஒம்பது மேட்ச்ல சொந்த ஊர்க்காரன் ஜெயிச்சது ஒண்ணே ஒண்ணு. இங்கிலாந்துல 2020-21 சீசன் பெரும்பாலும் காலி மைதானம். 380 மேட்ச்ல ஊர்க்காரன் ஜெயிச்சது 144, வந்தவன் ஜெயிச்சது 153. அவங்க மொதல் டிவிஷன் சரித்திரத்துல அப்படி நடந்ததே கெடையாதாம். அப்ப, கூட்டம் போனதும் என்னமோ ஒண்ணு கூடவே போயிருக்கு. அது என்ன?

கதிர் பால் புடிக்கறப்பக் குருவி ஓட்டத் தகர டின்னைத் தட்டுவோம். மொத நாள் ஒரு தட்டுக்கு அத்தனையும் பறக்கும். மூணாம் நாள் அந்த டின் மேலேயே வந்து ஒக்காரும். ஆடறவன் அந்தக் குருவிடா. வாரா வாரம் கத்து வாங்கிப் பழகினவன். சத்தம் அவன் காலுக்குப் போகலை. பின்ன எங்க போச்சு?

விசில் வச்சிருக்கறவன் காதுக்கு. 2002ல இங்கிலாந்துல 40 ரெஃப்ரிங்களை ஒக்கார வச்சு, லிவர்பூல் தன் ஊர்ல லெஸ்டர்கூட ஆடின மேட்ச்லேருந்து 47 மோதலைப் போட்டுக் காட்டினதை ஒரு ஆராய்ச்சியா எழுதியிருக்காங்க. கொஞ்சப் பேருக்குக் கூட்டத்துச் சத்தத்தோட, மத்தவங்களுக்கு ஊமைப் படமா. சத்தம் கேட்டவங்க ஊர்க்காரன் மேல கொறைச்சலா ஃபவுல் குடுத்தாங்க. கண்ணு ஒண்ணையே பாக்குது, காது வந்து நடுவுல சாட்சி சொல்லுது. ஸ்பெயின்ல எண்ணிப் பாத்தா, ஊர்க்காரன் ஒரு கோல் பின்தங்கியிருந்தாக் கூடுதல் நேரம் தாராளமா வருதாம், முந்தியிருந்தாச் சீக்கிரம் விசில். காசு வாங்கிக்கிட்டு இல்லை. அவனுக்கே தெரியாம.

திருவாரூர்ல ஆழித்தேர் பாத்திருக்கியே. அலங்காரத்தோட 96 அடி, முன்னூறு டன்னும்பாங்க. "ஆரூரா, தியாகேசா"ன்னு சனம் போடற சத்தத்துலதான் தேர் நகருதுன்னு சின்ன வயசுல சத்தியமா நம்பினேன். வடத்தைத் தொட்டவன் ஒவ்வொருத்தனும், நான் இழுத்துதான் வந்துச்சுன்னு வீட்டுல போய்ச் சொல்லுவான், நானும் சொல்லியிருக்கேன். பின்னாடி புல்டோசர் தள்ளுது. சக்கரத்துக்குத் திருச்சி பெல் கம்பெனி ஹைட்ராலிக் பிரேக். எல்லாத்துக்கும் மேல, சக்கரத்துக்கிட்ட குனிஞ்சு முட்டுக்கட்டை போடறான் பாரு, அவன்தான் தேர் இந்தப் பக்கம் போவுதா அந்தப் பக்கம் போவுதான்னு முடிவு பண்றவன். ஆயிரம் பேரு இழுன்னு கத்தறப்பவும் அவன் கண்ணு சக்கரத்து மேலதான் இருக்கும். அவன் காது மட்டும் கூட்டத்துக்கு மயங்குச்சோ, தேர் கடைக்குள்ள பூந்துடும். ரெஃப்ரிங்கறவன் முட்டுக்கட்டைக்காரன்டா. அவனுக்குக் கண்ணு வேணும், காது ஆகாது.

இவ்வளவு தெளிவா உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேக்கறே. கேப்பேன்னு தெரியும்.

உங்கம்மா பொறக்கறதுக்கு முன்னாடி ஒரு காணும் பொங்கல். நம்ம தெருப் பசங்களுக்கும் பக்கத்து ஊர்ப் பசங்களுக்கும் சடுகுடு. ரெண்டு ஊருக்கும் பொதுவானவன், நாயஸ்தன்னு என் கழுத்துல விசிலை மாட்டினாங்க. கடைசிப் பாட்டு. பாடி வந்த பக்கத்து ஊர்ப் பய கோட்டைத் தொட்டுட்டான். விரல் நுனி, என் கண்ணால பாத்தேன். மூச்சும் விடலை. நம்ம தெருவே "அவுட்டு, அவுட்டு"ன்னு அலறுச்சு, உங்க அம்மாச்சியும் கூட்டத்துல நின்னுக்கிட்டு முந்தானையை வீசினா. நான் மனசுக்குள்ள இல்லேன்னுதான் சொன்னேன். கை மட்டும் தானா மேல போச்சு. சத்தியமா நான் தூக்கலை.

உனக்கு ஒரு புத்தி சொல்றேன், கேட்டுக்க. அடுத்த தடவை சென்னைக்குப் போய் நேரு ஸ்டேடியத்துலயே மேட்ச் பாரு. ஆட்டக்காரனைப் பாத்துக் கத்தித் தொண்டையை வீணாக்காதே. கொடி புடிக்கிற லைன்ஸ்மேன் ஓடறானே, அவன் முதுகுக்குப் பின்னாடி எடம் புடிச்சு, அவன் காதைப் பாத்துக் கத்து. வீட்டுல ஒக்காந்து கத்துனா பசு பால் சுரக்காது, அவ்வளவுதான்.

அந்தச் சடுகுடுவுக்குப் பரிசு ஒரு பித்தளை அண்டா. கொல்லையில கெணத்தடியில இருக்கே, சாயங்காலம் நீ கை கால் கழுவினியே, அதுதான்.