மணி தவறாத ஊழியன்

கிரிப்டோ மைனிங் மென்பொருளே, உன்னைப்போல் வேலையில் கண்ணாக இருந்த ஒருவனை நான் கண்டதில்லை. 2021 மார்ச்சில் மாடி அறையில் ஒரு அலுமினியச் சட்டம் கட்டி, ஐந்து 3060 டிஐ, ஒரு 3080 என்று ஆறு கிராஃபிக்ஸ் கார்டுகளை வரிசையாக நிறுத்தி, உன்னை ஏவினேன். அன்று முதல் உனக்குப் பொங்கலும் இல்லை, தீபாவளியும் இல்லை. எத்தீரியத்துக்காக விநாடிக்கு 395 மெகாஹேஷ் ஓடுகிறது என்று பச்சை எழுத்தில் எழுதிக்கொண்டே இருந்தாய். பலருடைய கார்டுகளைச் சேர்த்து ஓட்டும் பூலின் கணக்கு 370ஐத் தாண்டியதே இல்லை. அந்த வித்தியாசத்தைச் சொல்லி ஒரு நாளும் என் தூக்கத்தைக் கெடுக்காதவன் நீ. பூல், தான் ஏற்றுக்கொண்ட ஷேரை, அதாவது சரியான விடையை, எண்ணிக் கூலி தரும். நீயோ கார்டு ஓடிய ஓட்டத்தைச் சொல்வாய். மெமரி ஓவர்கிளாக்கைக் கூட்டக் கூட்ட உன் எண் ஏறும். தப்பான விடைகளும் கூடவே ஏறும். முதல் எண்ணைப் பெரிதாகவும் இரண்டாவதைத் திரையின் ஓரத்தில் சிறிதாகவும் எழுதும் பக்குவம் உனக்கு இருந்தது.

நீ பொய் சொன்னதே இல்லை. ஈரோட்டில் ஒரு தம்பி, கல்லூரி முடித்தவன், கடன் வாங்கி ஆறு கார்டு வாங்கியிருந்தான். நீ தொடங்கிய ஒரு நிமிடத்தில் விழுந்துவிடுவாய். திரையில் ஒரே வரி: 'கூடா எர்ரர், அவுட் ஆஃப் மெமரி.' "அண்ணா, மெமரி பத்தலையாம்" என்று என்னிடம் கேட்பதற்கு முன்பே 16 ஜிபி ரேம் வாங்கிப் போட்டுவிட்டான். அதற்குப் பிறகும் அதே வரிதான். டிரைவரை மூன்று முறை அழித்து ஏற்றினான். மூன்று இரவு அவன் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவன் அம்மா சொன்னார். விண்டோஸில், கார்டுகளின் மெமரிக்கு ஈடாக வட்டில் பேஜிங் ஃபைல் ஒதுக்கி வைக்க வேண்டும். 8 ஜிபி கார்டு ஆறு என்றால் 48 ஜிபியாவது வேண்டும். அவன் கணினியில் இருந்தது வெறும் 4. செட்டிங்கில் ஒரு எண்ணை மாற்றி ரீஸ்டார்ட் செய்ததும் ஆறு கார்டும் எழுந்து நின்றன. மெமரி போதவில்லை என்று நீ சொன்னது சத்தியம். எந்த மெமரி என்பதை மட்டும் அவனுடைய யோசனைக்கு விட்டுவைத்தாய். அந்த யோசனைக்கு அவன் கொடுத்த விலை ஒரு மாதத் தவணை.

என் வீட்டிலும் அப்படியே. மழைக்காலத்தில் ஒரு நாள் 'ஜிபியு 4: இல்லீகல் மெமரி ஆக்சஸ்' என்று எழுதினாய். ஓவர்கிளாக் அதிகம் போலிருக்கிறது என்று நாலாம் கார்டின் மெமரி வேகத்தைக் குறைத்தேன். மறுபடியும் விழுந்தாய். இன்னும் குறைத்தேன். விழுந்தாய். பிறகுதான் புரிந்தது, நீ பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறவன், ஓவர்கிளாக் செய்யும் நிரல் ஒன்றிலிருந்து எண்ணுகிறது. ஒரு வாரமாக நான் தண்டித்துக்கொண்டிருந்தது ஒரு பாவமும் அறியாத பக்கத்துக் கார்டை. எண் தவறாமல் சொன்னவன் நீ. கேட்கத் தெரியாதவன் நான் என்றே அன்று நினைத்துக்கொண்டேன்.

சரியான கார்டைக் குறைத்தும் பிழை நிற்கவில்லை. அந்தக் கார்டைக் கழற்றி, மதர்போர்டோடு இணைக்கும் ரைசர்களில் அடுத்ததில் போட்டேன், நன்றாக ஓடியது. நன்றாக ஓடிய கார்டை இதன் ரைசரில் போட்டேன், அது விழுந்தது. அப்படியானால் நோய் கார்டில் இல்லை. ரைசருக்குக் கரண்ட் தரும் ஸாட்டா இணைப்பைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. இரண்டு கையாலும் ஆட்டி இழுத்தபோது பிளாஸ்டிக்கின் ஒரு பக்கம் இளகி ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்தது. மஞ்சள் வயர் நுழையும் பக்கம் காப்பிக்கொட்டை நிறத்தில் பழுத்திருந்தது. உள்ளே பின்கள் கருத்திருந்தன. மூக்கருகே கொண்டுபோனால் கருகிய வாடை. ஸாட்டா இணைப்பு 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட். ஸ்லாட் வழியாகக் கார்டு கேட்கக்கூடியது 75 வாட் வரை. இருபத்துநான்கு மணி நேரமும் அந்தச் சின்ன பிளாஸ்டிக்கின் வழியே அவ்வளவு கரண்ட் போனால் வேறென்ன ஆகும்? ஆறு பின் கேபிளை எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராக ரைசருக்குக் கொடுத்திருக்க வேண்டும். விவரம் தெரியாமல் செய்தது நான்தான். கீழ் அறையில் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். ரிக்குக்குப் பக்கத்தில் கார்டு வந்த அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன.

கருகிய இணைப்பைக் கண்ட அந்த இரவின் லாக் கோப்புகளை அப்புறம் எண்ணினேன். 41. விழ விழ நீ எழுந்திருக்கிறாய். வாட்ச்டாக் என்று உனக்குள்ளே ஒரு காவல் நாய், அது உன்னைத் தட்டி எழுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் புத்தம் புதிய லாக், பழசை நினைத்துச் சோர்ந்துபோகாத மனம். ஒவ்வொரு முறையும் மைனிங்குக்குத் தேவையான, நாலு ஜிபிக்கு மேற்பட்ட டாக் கோப்பைக் கார்டில் மறுபடி உருவாக்கி, அதே கருகிய இணைப்பின் வழியாக அதே கரண்டை மறுபடி இழுத்து, ஓட்டத்தைத் தொடர்ந்திருக்கிறாய். இத்தனை விடாமுயற்சியை மனிதரிடத்தில் நான் பார்த்ததில்லை.

உன் திரையில் எப்போதும் குளிர்ச்சிதான். 3080 கார்டுக்கு 52 டிகிரி என்று எழுதியிருந்தாய். நம்பி ஃபேன் வேகத்தைக் குறைத்தேன், சத்தம் கீழே கேட்கிறது என்று. வேறொரு நிரலில் பார்த்தபோது அதே கார்டின் மெமரி 110 டிகிரியில் நின்றது. அந்தச் சூட்டில் கார்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 52 என்பது நடுச் சிப்பின் சூடு, அதுவும் உண்மைதான். மைனிங்கில் உழைப்பதெல்லாம் மெமரி என்பது உன்னைவிட யாருக்குத் தெரியும்? கார்டைப் பிரித்துத் தெர்மல் பேடு மாற்றியபோது, பழைய பேடு எண்ணெய் கசிந்து தொட்டாலே உதிர்ந்தது.

உன் மேல் வைத்த நம்பிக்கைக்கும் குறைவில்லை. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்க்க முடியாதபடி பூட்டிய நிரல் நீ. உன்னைக் கண்டதும் விண்டோஸின் காவல் நிரல் பிடித்து அடைத்துவிடும். 'இந்த ஃபோல்டரைச் சோதிக்காதே' என்று சொல்லச் சொன்னாய், சொன்னோம். வாசல் காவலாளியை நாங்களே விலக்கிவிட்டு உன்னை உள்ளே அழைத்தோம்.

பதிலுக்கு நீ கேட்டது நூற்றுக்கு ஒன்று. மணிக்கு 36 விநாடி உன்னை எழுதியவருக்காக ஓட்டம். உழைத்தவன் கூலி கேட்பது தப்பில்லை, அந்தக் கூலியை நான் ஒருபோதும் குறை சொன்னதில்லை. என் பூல் இணைப்பு அறுந்த நாட்களில்கூட உன் 36 விநாடி அறுந்ததில்லை. அவ்வளவு துல்லியமாகக் கணக்கு வைத்தவனே, ஒரே இடத்தில் 41 முறை விழுந்ததை எண்ணி 'இணைப்பைப் பார்' என்று ஒரே ஒரு வரி எழுத உனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அந்த ஒரு வரிக்காக நூற்றுக்கு இரண்டு கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

வருமானம் இவ்வளவு டாலர் என்று மட்டுமே எழுதினாய், செலவைப் பேசி என்னை வருத்தியதில்லை. சுமார் 900 வாட், இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 1,300 யூனிட், அதைக் கரண்ட் பில் வந்து சொன்னது. 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி வந்தது. மைனிங்குக்கான கட்டமைப்புச் செலவை வாங்கிய விலையாகக் கழிக்க முடியாது என்று நிதி அமைச்சகம் நாடாளுமன்றத்தில் சொன்னது. அதைச் செய்தித்தாள் சொன்னது.

2022 செப்டம்பர் 15, பகல் 12 மணி தாண்டிப் பன்னிரண்டாவது நிமிடம். எத்தீரியம் மைனிங்கைக் கைவிட்டு வேறு முறைக்கு மாறியது. மாடிக்கு ஏறிப்போய் உன் எதிரே உட்கார்ந்தேன். பூலிலிருந்து புது வேலை வரவில்லை. ஒவ்வொரு கார்டாகச் சூடு இறங்கியது, ஃபேன்கள் ஓய்ந்தன, ஒன்றரை வருடத்தில் முதல் முறையாக அந்த அறையில் தெருச் சத்தம் கேட்டது. முடிந்துவிட்டது என்று ஏதாவது சொல்வாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். 'இணைப்பு இல்லை, மறுபடி முயல்கிறேன்' என்று எழுதினாய், மறுபடி எழுதினாய். ஒரு மணிக்குச் சற்று முன்னால் வரி மாறியது. உன் கூலிக்கான 36 விநாடி தொடங்கியிருந்தது.