உடைசலியல்: தீபாவளிப் பலகாரத்தை வீட்டில் சுடுவது தகுமா என்பது குறித்து ஓர் ஆய்வு

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது தமிழ்நாட்டு வீடுகளில் ஒரு கருத்தரங்கு தானாகவே கூடிவிடும். இந்த வருஷம் பலகாரத்தை வீட்டில் சுடுவதா, கடையில் வாங்குவதா என்பது அதன் பொருள். தலைவர் கிடையாது, நன்றியுரை கிடையாது, முடிவும் கிடையாது. கடைக் கட்சியினர் உளுந்தை வறுத்து அரைப்பதில் தொடங்கி, அடுப்படியில் சிந்திய எண்ணெயைத் துடைத்தெடுப்பது வரைக்கும் வேலைகளை அடுக்கிவிட்டு, இவ்வளவுக்கும் மிஞ்சுவது இரண்டு டப்பா முறுக்குதானே என்பார்கள். வீட்டுக் கட்சியினர் ருசி, சுத்தம், மரபு என்ற மூன்றைச் சொல்வார்கள். இக்கட்டுரை வீட்டுக் கட்சியைச் சேர்ந்தது. ஆயினும் அக்கட்சி இதுநாள்வரை முன்வைத்த மூன்று காரணங்களில் ஒன்றுகூடத் தேறாது என்பதை முதலிலேயே காட்டிவிடுவது ஆய்வு நேர்மைக்கு நல்லது.

ருசியை எடுத்துக்கொள்வோம். மணப்பாறை முறுக்குக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை இரண்டு தடவை எண்ணெயில் இட்டு எடுக்கிறார்கள். ஊர்த் தண்ணீரின் உவர்ப்பும் சேர்ந்துதான் அந்த ருசி என்று அந்தப் பக்கத்தார் சொல்வார்கள். வருஷம் முழுக்க இதே வேலையாக இருக்கும் கையோடு, வருஷத்துக்கு ஒருமுறை பரணிலிருந்து அச்சை இறக்கி, தேன்குழல் தட்டு எங்கே, ஒற்றைக்கண் தட்டு எங்கே என்று தேடுவதிலேயே அரைநாளைக் கழிக்கும் கை போட்டியிட முடியாது. அடுத்தது சுத்தம். கடை எண்ணெயைப் பற்றி வீட்டில் பேசுகிற பேச்சு எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் கடைக்காரருக்கு ஒரு சட்டம் இருக்கிறது: பொரித்த எண்ணெயில் மொத்த துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்து, 2018 ஜூலை முதல் நடைமுறைப்படுத்தியது. வீட்டு எண்ணெய்க்கு அப்படி ஒரு சட்டமும் இல்லை. பலகாரம் சுட்ட எண்ணெய் வடிகட்டப்பட்டுத் தூக்கில் அடைக்கப்பட்டு, கார்த்திகை தீபம் வரைக்கும் குழம்புத் தாளிப்பில் தலைகாட்டிக்கொண்டிருக்கும். அதை எந்த அதிகாரியும் வந்து சோதித்ததில்லை.

மரபு என்ற வாதம்தான் மூன்றிலும் பலவீனமானது. பண்டம் வாங்கித் தின்பது நேற்று வந்த சோம்பேறித்தனம் என்று நினைப்பவர்கள் மதுரைக்காஞ்சியைப் புரட்டிப் பார்க்க வேண்டும். மாங்குடி மருதனார் காட்டும் மதுரையில் அடையும் மோதகமும் கடைத்தெருவில் விற்பனைக்கு இருக்கின்றன. அவற்றை விற்கும் கூவியர் இரவு ஏறியதும் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி விழுகிறார்கள். ஆகவே பலகாரத்தை விலைக்கு வாங்குவது சங்க காலத்து மரபு. பலகாரம் செய்தவர் அசந்து தூங்கிப்போவதும் சங்க காலத்து மரபே. இரண்டில் எதைக் கைக்கொள்வது என்று கேட்டால், மரபைப் போற்றுகிறவர்களே முதலாவதைத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

அப்படியானால் வீட்டுக் கட்சி தோற்றதா? இல்லை. இரு கட்சியினரும் முழு முறுக்கையே விளைபொருளாகக் கொண்டு கணக்குப் போடுவதுதான் பிழை. முழு முறுக்கு எங்கே போகிறது என்று பின்தொடர்ந்து பார்த்தால் இது விளங்கும். வாணலியிலிருந்து இறங்கும் முதல் ஈடு சுவாமிக்கு. அடுத்ததில் வடிவாக வந்தவை தெருவுக்கு: எதிர்வீட்டுக்கு, மாடிவீட்டுக்கு, பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்காத பக்கத்து வீட்டுக்கும். அதற்கடுத்தது சம்பந்தி வீட்டுக்கு. அங்கே முறுக்கின் சுற்றுகூட எண்ணப்படும். மிச்சம் டப்பாவுக்குள் போய்விடும். எதிர்வீட்டுக்குப் போன தட்டு எதிர்வீட்டு முறுக்கோடு திரும்பிவரும். ஒரே தெருவில் எல்லா வீட்டிலும் முறுக்கு, அதிரசம், ரவா லட்டு என்ற அதே மூன்றும் செய்யப்பட்டு, ஒவ்வொன்றும் ஒரு வாசல் தள்ளிப் போய்ச் சேருகிறது. கொடுப்பதும், பெறுவதும், திருப்பிக் கொடுப்பதும் தட்ட முடியாத கடமைகள் என்று பிரெஞ்சு மானுடவியலாளர் மார்செல் மோஸ் 1925இல் கொடையைப் பற்றி எழுதியது இங்கே அப்படியே பொருந்தும். மோஸ் சொல்லாத ஒன்றையும் சேர்க்க வேண்டும்: இந்தச் சுற்றில் வரவும் செலவும் ஏறக்குறைய சமம். தெரு முழுவதும் ஒரே நாளில் ஓய்வெடுக்க ஒப்புக்கொண்டாலும் யாருக்கும் ஒரு முறுக்குகூடக் குறையாது. எனவே முழுப் பலகாரத்தின் பெயரால் எந்த உழைப்பையும் நியாயப்படுத்த இயலாது.

இனி இந்த ஆய்வின் துணிபு. வீட்டில் பலகாரம் சுடுவதன் உண்மையான விளைபொருள், பலகாரம் ஆகாமல் போனதே. அச்சிலிருந்து பிழிந்து திருப்பும்போது பிய்ந்த முறுக்கு, பதம் தப்பிய அதிரசம், பிடிக்க வராமல் உதிர்ந்த லட்டு, பாகு காய்ச்சிய பாத்திரத்தின் ஓரம், இவையெல்லாம் சேர்ந்ததற்கு உடைசல் என்று பெயரிடலாம். உடைசல் தட்டில் வைத்து அனுப்பத் தகுதியற்றது. சம்பந்தி முன் வைத்தால் சண்டை வரும். ஊனமான பண்டம் படையலுக்கும் ஆகாது என்பதால் தெய்வத்தின் அதிகார எல்லைக்கும் வெளியே நிற்கிறது. யாருக்கும் தர முடியாத இதைச் செய்தவர்களே தின்றாக வேண்டும். ஊர்க் கடமைகள் எல்லாம் தீர்ந்த பிறகு, குடும்பத்துக்கென்று கலப்பில்லாமல் கிடைக்கும் ஒரே வருமானம் இதுதான். வருமானத்தைக் கணக்கில் எடுக்காமல் செலவை மட்டும் எழுதிய நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துத்தான் கடைக் கட்சி இத்தனை காலம் பேசிவந்திருக்கிறது.

உடைசலில் தலையாயது அதிரசத்தைச் சேர்ந்தது. பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் முழுதாகப் போகுமுன் இடித்துச் சலிக்க வேண்டும். வெல்லப் பாகு, தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் விரலுக்குள் உருள வேண்டும். மாவைக் கொட்டிக் கிளறி, ஏலமும் சுக்கும் தூவி, ஒரு நாளோ இரண்டு நாளோ மூடிவைத்தால் மாவு பதமாகும். பாகு ஒரு நொடி முந்தினால் அதிரசம் எண்ணெயில் விரிந்து பிரிந்து கரைந்துபோகும். ஒரு நொடி பிந்தினால் பல்லைப் பதம் பார்க்கும். இத்தனை குறுகிய இடைவெளியில் ஒரு பண்டத்தை நம் முன்னோர் வைத்தது எதனால் என்பதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை. கரைந்துபோனதை ஜல்லிக்கரண்டியால் அரித்தெடுத்தால், வெல்லம் கருகத் தொடங்கும் இடத்தில் நின்றுபோன மொறுமொறுப்பான துணுக்குகள் வரும். அவற்றுக்குப் பெயர் கிடையாது, விலையும் கிடையாது. இதற்கும் முந்தியது மூடிவைத்த மாவு. இப்போது அதிரச மாவு பாக்கெட்டில் கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கட்டும். பணம் கொடுத்து வாங்கிய மாவை எவரும் திருடித் தின்ன முடியாது. அந்த மாவின் ருசியில் வெல்லம் பாதி, யாரும் வருவதற்குள் மூடியைச் சத்தமில்லாமல் வைப்பது மீதி.

முறுக்கின் உடைசலுக்கு இயற்பியல் துணை நிற்கிறது. பிழிந்த மாவு எண்ணெயில் விழுந்ததும் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் படபடவென்று சத்தமிடும். சத்தம் அடங்கினால் வெந்துவிட்டது என்று எடுக்கிறோம். ஆனால் அப்போதே அது முறுக்கு ஆகிவிடுவதில்லை. ஆறி இறுகிய பிறகுதான் நொறுக்கென்று உடையும். இடைப்பட்ட இரண்டு மூன்று நிமிடத்தில் அது வெளியே மொறுமொறுப்பும் உள்ளே இளக்கமுமாக, எந்தச் சமையல் நூலும் பெயர் சூட்டாத ஒரு நிலையில் இருக்கிறது. அந்த நிலையில் முறுக்கை எடுத்துப்போய் விற்க எந்தக் கடையாலும் முடியாது. அதைத் தின்ன வாணலிக்குக் கை எட்டும் தூரத்தில் நின்றாக வேண்டும். நிற்பதற்கு ஒரு காரணமும் வேண்டும். அதற்குத்தான் ‘உப்புப் பார்த்தல்’ என்ற நிறுவனம் ஏற்பட்டது. சுடுகிறவர் சுவாமிக்கு எடுத்து வைக்கும்வரை வாயில் வைக்கமாட்டார். வைத்த பிறகு உடைந்த ஒன்றை நீட்டி உப்புப் பார்க்கச் சொல்வார். சரியாக இருக்கிறது என்று முதல் முறுக்கிலேயே சொல்லிவிடுகிறவரை இதுவரை யாரும் கண்டதில்லை. ஐயம் தீர ஐந்தாறாவது தேவைப்படும். மாவு பிசைந்து பாதியைச் சுட்டும் ஆகிவிட்ட பிறகு, உப்பைப் பற்றி அறிந்துகொள்வதால் என்ன பயன் என்று எவரும் கேட்பதுமில்லை.

இதற்குச் சில தடைகள் எழுப்பப்படலாம். கடை முறுக்கை வாங்கி உடைத்துக்கொண்டால் என்ன என்பது ஒன்று. அது உடைத்த முறுக்கு, உடைந்த முறுக்கு அல்ல; ஆறிப்போனதும்கூட. பத்தே பத்து முறுக்கு சுட்டு உடைசலை மட்டும் அனுபவிக்கலாமே என்பது மற்றொன்று. அளவு சிறுத்தால் கவனம் கூடும், கவனம் கூடினால் பத்தும் முழுதாக வந்துவிடும். உடைசலுக்கு அலுப்பு வேண்டும், அலுப்புக்கு இரண்டாவது படி மாவு வேண்டும். எண்ணெய்ப் பண்டம் உடம்புக்கு ஆகாது என்ற தடைக்கு நம்மவர்கள் முன்பே விடை கண்டிருக்கிறார்கள். சுக்கு, திப்பிலி, ஓமம், வெல்லம், நெய் சேர்த்துக் கிளறிய தீபாவளி லேகியத்தை அன்று விடியற்காலை, எண்ணெய்க் குளியல் முடிந்ததும், முதல் பலகாரத்துக்கும் முன்னால் உள்ளே அனுப்பிவிடுவார்கள். நோய்க்கு முன்பே மருந்து தயாராக இருக்கும் பண்டிகையில் குற்றம் காண இடமில்லை. லேகியம் கிண்டிய உருளியைச் சுரண்டுவதும் உடைசலின் பாற்படும்.

கனமான தடை ஒன்று உளவியல் பக்கமிருந்து வருகிறது. மைக்கேல் நார்ட்டன், டேனியல் மோச்சன், டான் ஏரியலி மூவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு, தம் கையால் செய்த பொருளை மனிதர்கள் அதன் தகுதிக்கு மேல் மதிக்கிறார்கள் என்று காட்டியது. தாங்கள் மடித்த கோணல்மாணலான காகிதக் கொக்கைத் தேர்ந்த கையின் கொக்குக்கு இணையாக எண்ணினார்களாம். இதுவரை நமக்குச் சாதகம். ஆனால் வேலை முடியாமல் போனாலோ, செய்ததைப் பிரித்துப் போட்டாலோ அந்த மதிப்பு மறைந்துவிடுகிறது என்றும் அவர்களே கண்டார்கள். அப்படியென்றால் உடைந்த முறுக்கின் மதிப்பு சுழியாக அல்லவா இருக்க வேண்டும்? விடை எளிது. அவர்கள் கொடுத்தவை அட்டைப்பெட்டியும் காகிதமும் பொம்மைக் கட்டைகளும். பாதியில் நின்ற பெட்டியில் எதையும் வைக்க முடியாது. பாதியில் நின்ற முறுக்கைத் தின்ன முடியும். மூவரும் எண்ணெய்ச்சட்டி ஒன்றை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுபோயிருந்தால் முடிவு மாறியிருக்கும்.

இதைப்போல எளிதில் விடை சொல்ல முடியாத தடை ஒன்று இருக்கிறது. அடுப்படியில் வேகிறவர் ஒருவர், உப்புப் பார்க்கிறவர் வேறொருவர். 2019இல் நாடு முழுவதும் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்வோரில் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். அது சாதாரண நாளின் கணக்கு. தீபாவளிக்கு முந்திய வாரத்துடையது அல்ல. உடைசலே வருமானம் என்ற துணிபை ஒப்புக்கொண்டால் அநியாயம் இன்னும் பெரிதாகத் தெரியும். உழைப்பு ஒரு பக்கம் போக, அதன் கூலி முழுவதும் சமையலறை நிலையில் சாய்ந்து நிற்கிறவர் வாய்க்குப் போகிறது. சுட்டவளுக்கோ எண்ணெய் வாடையில் பசியே அடங்கிப்போய், ராத்திரி ஒரு டம்ளர் மோரோடு சரி. இப்படித்தான் நடக்கும் என்றால் கடைக் கட்சி சொல்வதே சரி. அந்த வீட்டில் முறுக்குச் சுடக் கூடாது.

தீர்வுக்கு வெளியே தேடிப் போக வேண்டாம், கல்வெட்டிலேயே இருக்கிறது. விஜயநகரக் காலத் திருமலைக் கோயிலில் அப்பப்படி, அதிரசப்படி என்று பெருமாளுக்குப் பலகாரக் கட்டளைகள் வைத்தார்கள். படைத்த பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு கட்டளை வைத்தவருக்கு உரியது. விட்டவன் விழுக்காடு என்று அதற்குப் பெயர். பொருள் கொடுத்தவனுக்கே நாலில் ஒன்று என்றால், கையும் காலும் கண்ணும் கொடுத்தவளுக்கு எவ்வளவு? சுட்டவள் விழுக்காடு என்றொரு முறையை வீடுதோறும் ஏற்படுத்தி, உடைசலில் நாலில் மூன்று பங்கை அடுப்படிக்கே எழுதிவைப்பதுதான் நியாயம். அதுவும் சூட்டோடு, உட்கார்ந்து தின்னும்படி. அந்த நேரத்துக்கு அச்சைப் பிழிகிற வேலை உப்புப் பார்க்கிறவரைச் சேரும். கெட்டியாகப் பிசைந்த மாவை இரண்டு ஈடு பிழிந்து பார்த்தவர் மூன்றாவது முறுக்கின் உப்பைப் பற்றிக் கருத்துச் சொல்லத் தயங்குவார் என்பது எதிர்பார்க்கத்தக்கது.

ஒரு நுட்பமான வழக்கு மிஞ்சுகிறது. முழுதாக வந்த முறுக்கை ஒருவர் வேண்டுமென்றே உடைத்தால் அது உடைசல் ஆகுமா? கண்டிப்பாகப் பார்த்தால் ஆகாது. மேலே சொன்ன உடைத்தது, உடைந்தது என்ற பாகுபாடு இங்கும் செல்லும். இருந்தாலும் கை யாருடையது என்பதைப் பொறுத்துத் தீர்ப்பு மாறலாம். சுட்டவள் கையில் உடைந்திருந்தால் விசாரணையே வேண்டாம். மற்றவர் கையில் உடைந்திருந்தால், உடைத்தவர் அடுத்த படி மாவைத் தாமே பிசைந்து, பிழிந்து, சுட்டு, வாணலியையும் தேய்த்துக் கவிழ்க்க வேண்டும். அதில் உப்புப் பார்ப்பது மற்றவர்கள் பாடு.