கிலோக் கணக்கில் ஆக்சிஜன்

செயின் பொக்லைன் ஊர்விட்டு ஊர் தன் காலில் போவதில்லை. போனால் செயின் தேயும், தார்ச்சாலை உரியும். 20 டன் எடையுள்ள அந்த யந்திரத்தைச் சுமப்பதற்கென்றே இருப்பது லோ பெட் டிரெய்லர். தாழ்ந்த தளம், முன்னால் எழும்பி வளைந்த கழுத்து, பின்னால் ஏற்றி இறக்கச் சாய்வுப் பலகைகள். எஞ்சின் கிடையாது, கியர் கிடையாது, ஓட்டுநருக்கு இருக்கைகூடக் கிடையாது. எஞ்சினே இல்லாத வண்டியில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று கேட்பவர்களை நம்பித்தான் பழைய டிரெய்லர் வியாபாரம் நடக்கிறது.

நாமக்கல் வட்டாரம் லாரிக்குக் கூண்டு கட்டுவதில் பேர் போனது. புது வண்டிகள் முன்வாசல் வழியாக வெளியேறும் பட்டறைகளின் கொல்லையில் ஓய்வுபெற்ற டிரெய்லர்கள் நிற்கும். தளத்துப் பலகை இடுக்கில் முளைத்த வேப்பங்கன்று ஆள் உயரம் வளர்ந்திருந்தால், வண்டி எத்தனை மழை பார்த்தது என்பது விளங்கிவிடும். விற்பவர் அதையும் வண்டியின் பெருமையில் சேர்த்துக்கொள்வார்: “நெழல்லயே நின்ன வண்டிங்ண்ணா.” நிழல் தருவது அந்த வேம்புதான் என்பதை அவர் சொல்வதில்லை.

விலைப் பேச்சு பெரும்பாலும் இரும்பு விலையில் தொடங்கும். எடை போட்டால் இத்தனை டன் தேறும், பழைய இரும்புக் கடைக்குப் போட்டாலும் இத்தனை ரூபாய் வரும், ஆகவே நஷ்டமே இல்லை என்பது கணக்கு. இந்தக் கணக்கில் வேதியியல் ஒன்று ஒளிந்திருக்கிறது. இரும்பு துருவாகும்போது காற்றிலிருந்து ஆக்சிஜனையும் ஈரத்திலிருந்து நீரையும் சேர்த்துக்கொள்கிறது. ஒரு கிலோ இரும்பு முழுக்கத் துருவானால் சுமார் ஒன்றரைக் கிலோ துரு கிடைக்கும். உதிராமல் ஒட்டிக்கொண்டிருக்கும் துருவை இரும்பு விலைக்கு வாங்குபவர், இலவசமாகச் சுவாசிக்கக்கூடிய ஒரு பொருளைக் கிலோக் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறார். இதற்கு வரவேற்பு இல்லாமலில்லை.

வாங்குவதற்கு முன் கையில் எடுக்கவேண்டிய கருவி சுத்தியல். நல்ல இரும்பைத் தட்டினால் கணீரென்று கேட்கும், உளுத்ததைத் தட்டினால் ‘டொப்’பென்று கேட்கும். தட்ட வேண்டாம் என்று விற்பவர் கையைப் பிடித்தால் அந்த இடத்தில் இரண்டு முறை தட்ட வேண்டும். அடிச்சட்டத்தில் மட்டும் புதுக் கறுப்பு பெயின்ட் மினுமினுத்தால், அதன் கீழே பட்டி பூசி ஓட்டை அடைத்திருக்கக்கூடும். டயரைப் பற்றி யாரும் எதுவும் சொல்லத் தேவையில்லை. பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்களே சொல்லும். 3511 என்றிருந்தால் 2011-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்த டயர். ‘பட்டன் தேயவே இல்லை’ என்பது அங்கே உண்மையாகவே இருக்கலாம். நின்ற வண்டியில் பட்டன் தேயாது, ரப்பர்தான் வெடிக்கும்.

துரு கண்ணுக்குத் தெரியும் இடத்தில் அதிகம் கெடுதல் செய்வதில்லை. தண்ணீர் வடியாமல் தங்கும் இடமே அதற்குப் பிடித்த இடம்: மரப்பலகையின் அடிப்பக்கம், சேனலின் உட்குழி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெல்டிங் செய்த இரண்டு பிளேட்டுகளின் இடைவெளி. துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். ஆகவே அந்த இடைவெளியில் சேர்ந்த துரு பிளேட்டுகளை நெம்பிப் பிரிக்கும். இவ்வளவு நெம்பக்கூடிய ஆளைப் பட்டறையில் சம்பளத்துக்குப் பிடிப்பது கடினம். கழுத்து தளத்தோடு சேரும் வளைவில் விரிசல் இருக்கிறதா என்று படுத்துத்தான் பார்க்க வேண்டும். டிரெய்லரை இழுவை லாரியோடு கோக்கும் கிங் பின்னின் குறுக்களவு 2 அங்குல வகையில் புதிதாக இருக்கும்போது 50.8 மி.மீ. தேய்ந்து 49 ஆகிவிட்டால் மாற்ற வேண்டியதுதான். 2 மில்லிமீட்டர்கூட இல்லாத இந்த வித்தியாசத்தை ‘கொஞ்சம் ஆட்டம்’ என்று வர்ணிப்பது வழக்கம்.

இவற்றுக்கெல்லாம் மேலானது சேஸ் நம்பர். சட்டத்தில் குத்தப்பட்ட அந்த எழுத்துகள்தான் சட்டப்படி டிரெய்லர். மீதி வெறும் இரும்பு. பெயர் மாற்றும்போது அதன்மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுக்கக் கேட்பார்கள். ஆர்வமுள்ள உதவியாள் கிரைண்டரை எடுத்து முதலில் பளபளப்பாக்குவது பெரும்பாலும் இந்த இடத்தைத்தான். ஆகவே வேலை தொடங்குவதற்கு முன் அங்கே கிரீஸ் பூசி, துணி கட்டி, தொடாதே என்று சாக்பீஸில் எழுதி வைப்பது மரபு.

அடுத்தது கழற்றுதல். துருப்பிடித்த நட்டுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு இரவு விட வேண்டும் என்பது விதி. ஊற்றிவிட்டு டீ குடித்து வந்ததும் ஸ்பானர் போடுவது நடைமுறை. ஸ்பானரோடு பைப்பைக் கோத்து அதன்மேல் ஒருவர் ஏறி நின்று குதிப்பார். போல்ட் அறுந்தால் ‘எப்படியும் மாத்த வேண்டியதுதாங்’ என்று ஆறுதல் வரும். சில பழைய வண்டிகளில் இடப்பக்கச் சக்கர நட்டுகள் இடம்புரி மரை கொண்டவை. தெரியாமல் குதிப்பவர் ஒவ்வொரு குதிப்பிலும் நட்டை இறுக்கிக்கொண்டிருப்பார். சுற்றி நிற்பவர்களில் ஒருவருக்கு இது தெரிந்திருக்கும். மற்றவர் குதித்து முடித்த பிறகே அவர் சொல்வார்.

வேடிக்கைக்கு இடமில்லாத ஒன்று இந்தக் கட்டத்தில் உண்டு. பிரேக் சேம்பருக்குள் அமுக்கி வைத்திருக்கும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லக்கூடிய விசையுள்ளது. அதற்குரிய போல்ட்டைப் போட்டு ஸ்பிரிங்கைக் கட்டாமல் அந்த டப்பாவைத் திறக்கவோ கேஸ் கட்டிங் வைக்கவோ கூடாது.

அந்த ஸ்பிரிங்தான், விலை பேசி முடித்த பிறகும் டிரெய்லர் நகர மறுப்பதற்குக் காரணம். கனரக வண்டியில் காற்று இருந்தால்தான் பார்க்கிங் பிரேக் விடும். காற்று போனால் ஸ்பிரிங் தானாகப் பிடித்துக்கொள்ளும். காற்று இறங்கினால் பிரேக் பிடிக்கவேண்டும் என்ற இந்தத் தலைகீழ் யோசனையை ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1872-ல் ரயிலுக்காகச் செய்தார். குழாய் அறுந்தாலும் ரயில் நிற்கும் என்பது அதன் நன்மை. கொல்லையில் கிடந்த டிரெய்லரும் அதே காரணத்தால் நிற்கிறது. காற்று ஏற்றிப் பிரேக்கை விட்டாலும் டிரம்மோடு லைனிங் துருவால் ஒட்டியிருந்தால், சக்கரம் சுழலாமல் வண்டி சறுக்கிக்கொண்டே பட்டறைக்கு வரும். பொத்தி வைத்த டயரின் பட்டன் அன்றைக்குத் தேயும்.

துரு சுரண்டும் வேலைக்கு ஆங்கிள் கிரைண்டரில் கம்பிப் பிரஷ் மாட்டுவார்கள். 4 அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்றுச் சுற்றும். பிரஷ்ஷிலிருந்து பிய்ந்த கம்பி சட்டையைத் தாண்டிக் குத்தி நிற்கும். கண்ணாடி போடாமல் இந்த வேலையைச் செய்பவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு செய்வார், அதாவது எங்கே சுரண்டுகிறோம் என்று பார்க்காமல். மோசமான இடங்களில் துரு பரோட்டா போல அடுக்கடுக்காக உரியும். எந்த அடுக்கில் இரும்பு தொடங்குகிறது என்று தேடிக்கொண்டே போனால், சில இடங்களில் மறுபக்கத்து வெளிச்சம் தெரியும். உரிமையாளர் அந்த வெளிச்சத்தைப் பார்க்கும்போது மேஸ்திரி சொல்வது ஒன்றுதான்: “பாத்துக்கலாம் வுடுங்ணா.” மதிப்பீட்டுத் தொகை மாறியது என்பது இதன் பொருள்.

வெல்டிங்கில் இரண்டு கட்சிகள் உண்டு. கிடைத்த துண்டை வைத்து ஒட்டுவோம் என்பது ஒன்று. எதற்கும் இருக்கட்டும் என்று கனத்த பிளேட்டாகப் போடுவோம் என்பது மற்றது. இரண்டாவது கட்சிக்குத்தான் ஆதரவு அதிகம். ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு ஒவ்வொரு மில்லிமீட்டர் கனத்துக்கும் 7.85 கிலோ நிறுக்கும். 6 மீட்டர் நீளமும் 2.5 மீட்டர் அகலமும் உள்ள தளத்துக்கு 6 மி.மீ. போதுமென்ற இடத்தில் 10 மி.மீ. போட்டால் கூடுதல் எடை 471 கிலோ. 2018-ல் திருத்திய விதிப்படி இரட்டை ஆக்ஸிலுக்கு 21 டன், மூன்று ஆக்ஸிலுக்கு 27 டன் என்று உச்சவரம்பு இருக்கிறது. தகட்டில் ஏற்றியதைச் சுமையில் கழித்துக்கொள்ள வேண்டும். பழுது பார்த்துப் பார்த்தே கனத்த டிரெய்லர், கடைசியில் தன்னைச் சுமந்துகொண்டு மட்டும் ஊர் சுற்றும்.

சட்டத்தின் கீழ் விளிம்பில் குறுக்கே நேராக வெல்டிங் கோடு இழுக்கக் கூடாது. அந்தக் கோட்டிலேயே பிறகு விரிசல் விடும். ஒட்டுப் பிளேட்டின் முனைகளைச் சரிவாக வெட்ட வேண்டும். எர்த் கம்பியை வெல்டிங் செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே கவ்வ வேண்டும். தொலைவில் ஹப்பில் கவ்வினால் மின்சாரம் பேரிங் வழியாகப் போய் அதன் உருளைகளைப் பொரித்துவிடும். பல லோ பெட்களின் நீளச் சட்டம் நடுவில் சற்று மேல்நோக்கி வளைந்திருக்கும். சுமை ஏறினால் சமமாகட்டும் என்று வேண்டுமென்றே செய்தது அது. இதைக் கோணல் என்று கண்டுபிடித்து, சூடு காட்டி நிமிர்த்தித் தரும் கைராசிக்காரர்களிடம் சட்டத்தைக் கொடுக்கக் கூடாது.

சக்கரத்துக்குள் இருப்பது கூம்பு உருளை பேரிங். ஹென்றி டிம்கன் 1898-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு இன்றும் ஏறக்குறைய அதேதான். கழுவி, உருளையில் குழியோ நீல நிறமோ இருந்தால் தள்ளிவிட்டு, கிரீஸை உள்ளங்கையில் வைத்து உருளைகளுக்கிடையே ஏறும்வரை அமுக்க வேண்டும். ஹப்பைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கிப் பிறகு சற்றுத் தளர்த்த வேண்டும். ஸ்பிரிங் பட்டைகளில் வெடித்தவற்றை மாற்றுவதும் லைனிங் ஒட்டுவதும் பணம் மட்டும் கேட்கும் வேலைகள்.

பெயின்ட் கடைசியில் வரவேண்டும். உரிமையாளர்கள் பலரும் அதை முதலில் எதிர்பார்ப்பார்கள். வண்ணம் எது என்பதில் வீட்டுக்குள் நடக்கும் விவாதம் வெல்டிங் ராடு எது என்பதில் நடப்பதில்லை. சுரண்டிய இரும்பை இரவு ஈரத்துக்கு விட்டால் காலையில் மறுபடி செம்மை பூத்துவிடும், ஆகவே அன்றே ரெட் ஆக்சைடு அடித்துவிட வேண்டும். பிறகு எனாமல், ‘நில் கவனி செல்’, குலதெய்வத்தின் பெயர், பிள்ளைகளின் பெயர். ஒளி திரும்பும் பட்டை முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு. பம்பரில் கறுப்புக் கயிறு. புதுப்பித்த துருவின்மேல் யாருடைய கண் படும் என்ற கேள்விக்கு இடமில்லை.

எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று முதல் 8 ஆண்டுகளுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அப்புறம் ஆண்டுதோறும். இந்த வகை டிரெய்லர்கள் இரண்டாவது பிரிவில் வெகுநாள் இருப்பவை. சான்று கைக்கு வந்ததும் பொக்லைன் ஏறலாம். ஏற்றும்போது டிரெய்லர் சமதரையில் நிற்க வேண்டும், சாய்வுப் பலகையின் நேர்கோட்டில் ஆள் நிற்கக் கூடாது, நான்கு மூலையிலும் சங்கிலி இறுக்க வேண்டும். முதல் லோடு இறங்கியதும் யூ போல்ட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும்; புதிதாகக் கட்டிய ஸ்பிரிங் பட்டைகள் சுமை ஏறித்தான் படியும், படிந்ததும் போல்ட் தளரும். அதற்கு ஸ்பானர் தேவைப்படும்போது, அது பைப்போடு பழைய பட்டறையிலேயே இருக்கும்.