தெரிந்த குறை, தீராத குறை

அனுப்புநர்:
பிழை கண்டுபிடித்தே பிழைப்பு நடத்தும் ஒரு சோதனைப் பொறியாளன்,
பழைய மகாபலிபுரம் சாலை, சென்னை.

பெறுநர்:
மாட்சிமை தங்கிய மனிதவளத் துறை,
ஆறாவது மாடி, அதே கட்டடம்.

பொருள்: எங்கள் மேனேஜர் தம்மைப் பற்றித் தாமே எழுதி வெளியிட்ட கையேடு – விளக்கமும் திருத்தமும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1) ‘என்னோடு வேலை செய்வது எப்படி?’ – மேனேஜரின் 11 பக்க ஆவணம். 2) அதைப் பாராட்டித் தாங்கள் எல்லோருக்கும் அனுப்பிய கைதட்டும் பொம்மை.

ஐயா / அம்மா,

என் அப்பா தாலுகா ஆபீஸ் வாசலில் புளியமரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்தவர். பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், வாய்க்கால் தகராறு எதுவானாலும் ஒரு முழு வெள்ளைத்தாளுக்குள் முடித்துவிடுவார். “மனுவில் அழாதே, திட்டாதே. நடந்ததை நடந்தபடி எழுது. வேண்டியதைக் கடைசியில் கேள்” என்பது அவர் எனக்குச் சொல்லித்தந்த இலக்கணம். தங்கள் துறைக்கு முறைப்படி டிக்கெட் போட்டும் பார்த்தேன். மறுநாளே ‘தீர்க்கப்பட்டது’ என்று பதில் வந்தது. எது தீர்ந்தது என்று விளங்காததால் அப்பா வழிக்கே வந்துவிட்டேன்.

முதலில் ஆவணத்தின் பூர்வீகம். எங்கள் தொழிலில் ‘ரீட்மீ’ என்றொரு கோப்பு உண்டு. 1970களிலிருந்தே மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வருவது. இதை எப்படி நிறுவுவது, எது இல்லாமல் ஓடாது, இதில் தெரிந்த குறைகள் எவை என்று சொல்லும். பிற்பாடு அமெரிக்க மேனேஜர்கள் சிலருக்கு, மென்பொருளுக்கு இருப்பது தங்களுக்கும் இருந்தால் என்ன என்று தோன்றியது. ஆப்பிள், ஸ்லாக் போன்ற இடங்களில் இருந்த மைக்கேல் லாப் தம்மைப் பற்றி எழுதியது பரவலாகப் படிக்கப்பட்டது. நோக்கம் நல்லதுதான். புதிதாகச் சேர்ந்தவர் மேலதிகாரியின் முகத்தையே மூன்று மாதம் பார்த்து வானிலை கணிக்க வேண்டாம். அந்தக் காற்று சிறுசேரி வரை வீசி, எங்கள் மேனேஜர் மேலும் பட்டது.

கையேட்டை மூன்று முறை படித்தேன். பிரிவுவாரியாக என் ஐயங்கள் வருமாறு.

பிரிவு 2: “நான் மனசில் பட்டதைப் பட்டென்று சொல்பவன். நீங்கள் அதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம்.”

மனசில் வைக்காமல் வேறு எங்கே வைப்பது என்று கையேடு சொல்லவில்லை. காதில் வைத்தால் அடுத்த மீட்டிங் கேட்காது. வயிற்றில் வைத்தால் அல்சர். வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்தவர்கள் எங்கள் டீமில் நான்கு பேர். அவர்கள் வீட்டில் இப்போது தனிக் கையேடு தேவைப்படுகிறது. மேலும், பட்டென்று சொல்லும் இந்தக் குணம் கிளையண்ட் அழைப்பில் மட்டும் எப்படியோ அடங்கிப்போகிறது. கீழே மட்டும் பாய்வது குணமா, புவியீர்ப்பா என்று தெளிவுபடுத்தக் கோருகிறேன்.

பிரிவு 3: “இரவு 11 மணிக்கு மெசேஜ் அனுப்புவேன். எனக்கு யோசனை வரும் நேரம் அது. உடனே பதில் சொல்ல வேண்டியதில்லை.”

முற்றிலும் உண்மை. பதில் சொல்லாதவர்களை அவர் ஒன்றும் சொல்வதில்லை. 11.05க்குப் பதில் சொன்னவரின் பெயரை மட்டும் காலை ஸ்டேண்ட்-அப்பில் சொல்லி வாழ்த்துவார். மற்ற பதின்மூன்று பேரும் கைதட்டுவோம்.

பிரிவு 4: “கெட்ட செய்தியை முதலில் என்னிடம் சொல்லுங்கள்.”

கெட்ட செய்தி சொல்வதற்காகவே சம்பளம் வாங்குபவன் நான். ஹார்வர்டின் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைகளில் மருந்து தருவதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தபோது, நல்ல குழுக்களின் கணக்கில்தான் பிழைகள் அதிகமாக இருக்கக் கண்டு திகைத்தார். அவர்கள் அதிகம் தவறு செய்யவில்லை. செய்ததைப் பயமில்லாமல் வெளியே சொன்னார்கள் என்ற முடிவுக்குப் பிறகு வந்தார். எங்கள் டீமிலோ சென்ற காலாண்டில் பிழைக் கணக்கு பாதியாகக் குறைந்தது. தாங்கள் கேக் வெட்டினீர்கள். அதற்கு முந்தைய மாதம், ரிலீஸுக்கு இரண்டு நாள் முன் பெரிய பிழை ஒன்றைச் சொன்ன பையனிடம், “இதை ஏன் இப்போது கண்டுபிடித்தாய்?” என்று கேட்கப்பட்டது. அவன் அதிலிருந்து எதையும் இப்போது கண்டுபிடிப்பதில்லை. கேக் நன்றாக இருந்தது.

பிரிவு 5: “நான் தலைவன் அல்ல, சேவகன்.”

இந்தச் சேவகத் தலைமையை 1970இல் ஒரு கட்டுரையாக எழுதியவர் ராபர்ட் கிரீன்லீஃப். ஹெர்மன் ஹெஸ்ஸேயின் ஒரு கதையிலிருந்து தமக்கு இது தோன்றியதாகச் சொன்னார். பயணம் போகும் ஒரு கூட்டத்துக்கு மூட்டை தூக்கும் லியோ என்னும் பணியாள் ஒருநாள் காணாமல் போகிறான், கூட்டமே சிதறிப்போகிறது. அவன்தான் அந்தப் பயணத்தை நடத்திய சங்கத்தின் தலைவன் என்பது பின்னால் தெரிகிறது. எங்கள் சேவகரும் சென்ற மே மாதம் இரண்டு வாரம் ஊருக்குப் போயிருந்தார். அந்த இரண்டு வாரத்தில் பாக்கி வேலையெல்லாம் முடிந்து, வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குக் கேப் பிடித்தோம். கதையில் எங்கோ ஒரு பக்கம் மாறிக் கிடக்கிறது. எந்தப் பக்கம் என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

பிரிவு 7: இதில் சதீஷ் தவானும் கலாமும் வருகிறார்கள். நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1979 ஆகஸ்டில் எஸ்.எல்.வி-3 ராக்கெட் கடலில் விழுந்தபோது, இஸ்ரோ தலைவர் தவான் தாமே பத்திரிகையாளர்களைச் சந்தித்துப் பழியை ஏற்றார். மறு ஆண்டு ஜூலையில் அது வெற்றிகரமாகப் பறந்தபோது, “நீங்கள் போய்ப் பேசுங்கள்” என்று கலாமை அனுப்பினார். கலாம் இதை மேடைதோறும் சொன்னார்.

எங்கள் மேனேஜருக்குக் கதை நன்றாகத் தெரியும், ஆண்டுதான் மாறிவிடுகிறது. தீபாவளி ரிலீஸ் நல்லபடி முடிந்த அன்று வாடிக்கையாளரிடம் அவர் பேசினார். பொங்கல் ரிலீஸ் கவிழ்ந்த இரவு பேசும் வாய்ப்பை எங்களுக்கு வழங்கினார். அழைப்பில் அவரும் இருந்தார், மைக்கை அணைத்துவிட்டு. மறுநாள் போன அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் மூன்று பெயர்கள் இருந்தன. மூன்றும் அவருக்குக் கீழே உள்ளவை.

பிரிவு 9: “என் கதவு எப்போதும் திறந்திருக்கும்.”

ஹாட் டெஸ்க் முறை வந்தபின் அவருக்கு அறையே கிடையாது. இல்லாத கதவை யாராலும் சாத்த முடியாது என்ற அளவில் இதை ஏற்கிறேன். ஆனால் ஒன்-ஆன்-ஒன் பற்றி ஒரு வார்த்தை. இன்டெலை நடத்திய ஆண்டி குரோவ் 1983இல் எழுதிய புத்தகத்தில், அந்தச் சந்திப்பு கீழே இருப்பவருடையது, என்ன பேசுவது என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும் என்கிறார். எங்களுடையது அரை மணி நேரம். “சொல்லுங்க” என்று அவர் தொடங்குவார். பிறகு அவரே சொல்வார்.

அடுத்தது தங்களுக்கே உரிய பிரிவு 10: “என் டீமை நான் எப்போதும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.”

மார்ச் மாதம் வரும்வரை அவர் விட்டுக்கொடுத்ததில்லை. மார்ச்சில் தாங்கள் அவரிடம் ஒரு கட்டம் போட்ட தாளைக் கொடுத்து, இத்தனை பேர் மேலே, இத்தனை பேர் கீழே என்கிறீர்கள். ஜெனரல் எலெக்ட்ரிக்கில் ஜாக் வெல்ச் பிரபலப்படுத்திய கணக்கு இது: மேலே 20 சதவீதம், நடுவில் 70, அடியில் 10. மைக்ரோசாஃப்ட் இப்படி வரிசைப்படுத்துவதை 2013இலேயே கைவிட்டது. தாங்களும் ‘பெல் கர்வ்’ என்ற பெயரைக் கைவிட்டு ‘கேலிப்ரேஷன்’ ஆக்கினீர்கள். மணி அதேதான்; அடிவாங்குபவரும் அதே ஆள்தான். அடியில் ஒருவரைப் போட்டே தீர வேண்டும் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டு, அவர் எழுதிய தலைமைப் பண்புக் கையேட்டுக்குக் கைதட்டுவது, கையைக் கட்டிப்போட்டுவிட்டு நீச்சலுக்குப் பதக்கம் கொடுப்பது போல. இந்த ஓரிடத்தில் நான் மேனேஜர் பக்கம்.

இனி முக்கியமான ஐயம். மேனேஜரின் மின்னஞ்சல் அடியில் எப்போதும் ஒரு குறள் இருக்கும். அந்தத் தைரியத்தில் வள்ளுவரையும் ரீட்மீயாகப் புரட்டிப் பார்த்தேன். பரிமேலழகர் பகுப்பில் அரசியல் என்று 25 அதிகாரம், 250 குறள். ஆள்பவனுக்கு என்னென்ன வேண்டும் என்ற பட்டியல்: கல்வி, கேள்வி, கண்ணோட்டம், அஞ்சும்படி நடக்காதிருக்க வெருவந்த செய்யாமை. ஆள்பவனை அண்டியிருப்பவன் எப்படிப் பழக வேண்டும் என்பதற்கு மன்னரைச் சேர்ந்தொழுகல் என்று ஒரே அதிகாரம், பத்தே குறள். நம் 11 பக்கத்தை எண்ணிப் பார்த்தேன். நாங்கள் அவரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது ஒன்பது பக்கம். அவர் எப்படி நடந்துகொள்வார் என்பது இரண்டு. அந்த இரண்டிலும் ‘இயன்றவரை’ என்ற சொல் ஏழு முறை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. 44ஆம் அதிகாரத்துக்கு வள்ளுவர் வைத்த பெயர் குற்றங்கடிதல். குற்றம் அறிவித்தல் அல்ல.

என் தொழிலில் இதைச் சுலபமாகச் சொல்லலாம். ரீட்மீயில் ‘தெரிந்த குறைகள்’ என்று போட்டால் அது ஒரு கடன் பத்திரம். குறை இருக்கிறது, எங்களுக்குத் தெரியும், அடுத்த பதிப்பில் சரிசெய்வோம் என்று பொருள். ஒவ்வொரு குறைக்கும் பொறுப்பாளர் பெயரும் தேதியும் போடுவோம். எங்கள் மேனேஜரின் கையேட்டிலும் குறைகளை ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார்: முன்கோபம், மறதி, குறுக்கே பேசுவது. அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் பொறுப்பாளர் என்ற இடத்தில் எங்கள் பெயர் இருக்கிறது. கோபம் அவருடையது, பொறுத்துக்கொள்வது எங்கள் பணி. மறதி அவருடையது, மூன்று முறை நினைவூட்டுவது எங்கள் பணி. வாசலில் ‘நாய் கடிக்கும்’ என்று பலகை மாட்டியவர், கடிபட்டவனைப் பார்த்து “பலகை படிக்கலையா?” என்று கேட்கலாம். நாயைக் கட்டிப்போட வேண்டியதில்லை.

தங்களுக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கையேட்டுக்கு முன்பே எங்களிடம் ஒன்று உண்டு. எழுதாதது. புதிதாக யார் சேர்ந்தாலும் முதல் நாள் நாலு மணிக்கு எதிர்ச்சாரி டீக்கடைக்குக் கூட்டிப்போய் ஒப்பிப்போம். “செவ்வாய்க்கிழமை லீவு கேக்காத, கிளையண்ட் கால் இருக்கும். ‘பாத்துக்கலாம்’னா நடக்காது. ‘பரவால்ல’ன்னா ராத்திரி மெயில் வரும். ஆனா வீட்ல யாருக்காவது முடியலைன்னா மட்டும் யோசிக்காம நேரா அவர்ட்ட போய்டு.”

அந்தக் கடைசி வரியைச் சேர்த்தவன் நான். இரண்டு வருடம் முன்பு, ஒரு ரிலீஸ் இரவில், அப்பா போய்விட்டார் என்று ஊரிலிருந்து போன் வந்தது. என் முகத்தைப் பார்த்ததுமே மேனேஜர் எழுந்து வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. லேப்டாப்பை என் கையிலிருந்து வாங்கினார். அவரே வண்டி பிடித்து, டிரைவரிடம் பணம் கொடுத்து, “சாருக்கு வழியில டீ வாங்கிக் குடுங்க” என்று சொல்லி ஏற்றிவிட்டார். விடியும்வரை என் சோதனைகளை அவர் உட்கார்ந்து ஓட்டியிருக்கிறார். காரியம் முடிந்து பதினேழாம் நாள் திரும்பி வந்தபோது, அதைப் பற்றி அவர் பேசவும் இல்லை, நான் நன்றி சொல்ல விடவும் இல்லை.

அன்று அவர் எந்தப் பிரிவின்படி நடந்தார் என்று 11 பக்கத்திலும் தேடினேன். இல்லை. தங்கள் அப்ரைசல் படிவத்திலும் தேடினேன். ‘தலைமைத்துவ ஆவணம் வெளியிட்டார்’ என்பதற்கு ஐந்து மதிப்பெண் இருக்கிறது. இதற்குக் கட்டமே இல்லை.

எனவே சமூகம் அவர்கள் கருணை கூர்ந்து,

1) மேற்படி கையேட்டின் ஒவ்வொரு குறைக்கும் நேரே பொறுப்பாளர் என்று மேனேஜர் பெயரையும், சரிசெய்யும் தேதியையும் சேர்க்கும்படியும்,

2) அடியில் போட ஓர் ஆளைக் கேட்கும் தாளை அவரிடம் கொடுப்பதை நிறுத்தும்படியும்,

3) அன்று இரவு வண்டி பிடித்துக் கொடுத்தவர் இரண்டு வருடமாக ஆபீஸ் பக்கம் அதிகம் வருவதில்லை, அவரைத் தேடிக் கண்டுபிடித்து முழுநேரமாக எங்கள் டீமில் போடும்படியும்

மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனு எழுதுபவர் மகன்.

நகல்: மேனேஜர் அவர்களுக்கு. இரவு 11 மணிக்குத்தான் அனுப்புகிறேன். உடனே பதில் சொல்ல வேண்டியதில்லை.