டெராபைட்டார்

கல்யாண வீட்டில் எல்லோரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் மட்டும் கேமராவைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "தம்பி, ரெண்டு கார்டு போட்டிருக்கியா? ரெண்டுலயும் ஒரே நேரத்துல பதியுதா, இல்ல ஒண்ணு ரொம்பினப்புறம் இன்னொண்ணா?" கேட்பது சரியாகக் கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில். தம்பி முறைப்பார். இவர் அசரமாட்டார். கார்டு கெட்டுப்போனால் முகூர்த்தத்தை மறுபடி வைக்க முடியுமா என்பது அவர் கட்சி.

இவர்தான் டெராபைட்டார். அடுக்ககத்துக்கு ஒருவராவது இருப்பார். ஐம்பதை ஒட்டிய வயது. என்றோ ஒரு நாள் ஒரு ஹார்டு டிஸ்க் டிக் டிக் என்று சத்தமிட்டுக் கண்ணை மூடியதில், பிள்ளையின் முதல் பிறந்தநாள் படங்களைப் பறிகொடுத்தவர். அன்று செய்த சபதம் எளிமையானது: ஒரு டிஸ்க் போனாலும் ஒரு படமும் போகக்கூடாது, இடம் போதாவிட்டால் இன்னொரு டிஸ்க்கைச் சொருகினால் போதும் என்றிருக்க வேண்டும். இப்படி ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுக்க மற்றவர்களுக்கு ஒரு சனிக்கிழமை ஆகும். அவருக்கு ஆண்டுகள் ஆகும்.

முதல் சிக்கல், இரண்டு டிஸ்க் பெட்டியா நான்கா என்பது. "இப்போதைக்கு ரெண்டு போதும். ஆனா வளர்ற பிள்ளைக்குத் தைக்கிற சட்டை மாதிரி கொஞ்சம் தொளதொளன்னு இருக்கணும்" என்பார்.

"வளர்ற பிள்ளை பெங்களூர்ல வேலைக்கே போயாச்சுங்க" என்று சமையலறையிலிருந்து குரல் வரும்.

நான்கு என்று முடிவானதும் மென்பொருள். சினாலஜி பெட்டியில் வெவ்வேறு அளவு டிஸ்க்குகளைக் கலந்து போடலாம்; பெட்டியின் விலையைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. அன்ரெய்டில் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகலாம். ஆனால் இருப்பதில் பெரிய டிஸ்க்கைப் பேரிட்டி என்னும் மீட்புக் கணக்குக்கென்று ஒதுக்க வேண்டும், அதில் ஒரு படம்கூட வைக்க முடியாது. அவருடைய காதல் எல்லாம் இசட்எஃப்எஸ் மேல்தான். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் பொறியாளர்கள் எழுதி 2005-இல் வெளியே விட்டது. எழுதும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் கெட்டுப்போனதைக்கூடக் கண்டுபிடித்துத் திருத்தும். குறை ஒன்றுதான்: ஒருமுறை அமைத்த ரெய்டு-இசட் என்னும் டிஸ்க் தொகுப்பில் பின்னால் ஒற்றை டிஸ்க்கைச் சேர்க்க முடியாமல் இருந்தது. அந்த வசதி வருகிறது, வருகிறது என்றார்கள். டெராபைட்டார் காத்திருந்தார். ஓப்பன் இசட்எஃப்எஸ் 2.3-இல், 2025 ஜனவரியில், வந்தேவிட்டது.

"அப்ப வாங்கிடலாமே?"

"முதல் வெர்ஷன். வேற யாராவது போட்டுப் பாக்கட்டும்."

பலர் போட்டுப் பார்த்தார்கள். நன்றாகவே இருந்தது. பிறகு இவர் வேறொன்றைக் கண்டுபிடித்தார்: புது டிஸ்க் சேர்த்தாலும் பழைய ஃபைல்கள் பழைய விகிதத்திலேயே கிடக்கும், எடுத்து மறுபடி எழுதினால்தான் இடம் முழுதாகக் கிடைக்கும். அதை யோசிப்பதில் இன்னும் சில மாதங்கள் போயின. இத்தனை காலமும் குடும்பப் படங்கள் அத்தனையும் எங்கே இருந்தன? பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில், மஞ்சள் பைக்குள், ஒரே ஒரு பழைய யூஎஸ்பி டிஸ்க்கில். அந்த ஏற்பாடு வீட்டம்மாளுடையது.

செலவுக்கு ஒப்புதல் வாங்க ஒருநாள் வீட்டம்மாளுக்குப் பாடம் நடத்தினார். 1988-இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்று மூன்று பேர் எழுதிய கட்டுரையில் ஆரம்பித்தார். மலிவான டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டினால் பெரிய டிஸ்க்கை மிஞ்சலாம் என்பதுதான் அதன் வாதம். "மலிவானதா? அந்த பில்லை இப்படிக் குடுங்க" என்றார் அம்மாள். டெராபைட்டார் உடனே காலண்டரின் பின்பக்கத்துக்குத் தாவினார்.

"பால் 1,500. பேப்பர் 300. கேபிள் 350. கூட்டினா 2,150. இந்தக் கூட்டுத்தொகைதான் பேரிட்டி. இப்ப கேபிளை அழிச்சுட்டேன். மிச்சத்தை வச்சுக் கழிச்சா திரும்ப வந்துடுது பாத்தியா?"

"ரெண்டு கணக்கு அழிஞ்சுபோனா?"

"அதுக்குத்தான் ரெண்டு டிஸ்க் போனாலும் தாங்குற மாதிரி போடுறேன். நாலு டெரா டிஸ்க் நாலு. பதினாறு வாங்கி எட்டு வச்சுக்கலாம்."

"பதினாறுக்குக் காசு குடுத்துட்டு எட்டா?"

"கம்ப்யூட்டர்ல பாத்தா ஏழேகால்தான் காட்டும். அது வேற கணக்கு."

"சரி, நீங்களே தெரியாம அழிச்சுட்டா?"

"நாலுலயும் அழிஞ்சுடும். அதுக்குப் பழைய நிலையை அப்படியே பிடிச்சு வைக்கிற ஸ்னாப்ஷாட் இருக்கு."

"கரண்ட் போனா?"

"யூபிஎஸ்."

"வெள்ளம் வந்தா?"

டெராபைட்டார் பேனாவை மூடிவிட்டார். இன்னொரு ஊரில் இன்னொரு பிரதி வேண்டும் என்பதை அன்றைக்கே தீர்மானித்தார். தான் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் பில்லில் ஒவ்வொரு வரியாக ஏறியது என்பது அம்மாளுக்குப் பிறகுதான் புரிந்தது.

ஆனால் அந்தக் கடைசிக் கேள்வியில் சிரிக்க எதுவும் இல்லை. 2015 டிசம்பரில் சென்னையில் தரைத்தளத்து வீடுகளில் கல்யாண ஆல்பங்கள் ஊறிப் பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொண்டன. அந்த வீட்டுக்காரர்கள் யாரும் டெராபைட்டாரைக் கேலி செய்து நான் கேட்டதில்லை. நான்கு டிஸ்க் பெட்டியானாலும் தண்ணீருக்கு நான்கும் ஒன்றுதான்.

ரிச்சி தெருவில் டிஸ்க் வாங்கிய கதை சின்னது. நான்கையும் ஒரே கடையில் வாங்கவில்லை. ஒரே நாளில் செய்தவை ஒரே நாளில் போய்விடுமாம். ஆகவே நாலு கடை, நாலு தயாரிப்புத் தேதி, நாலு பேரம். ஒரு கடைக்காரர், "சார், இதுக்கு முன்னாடி டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு கேக்குற மொத ஆள் நீங்கதான்" என்று டீ வாங்கிக் கொடுத்தார்.

பெட்டியைப் பரணில் வைத்தால் மே மாத வெக்கை. படுக்கையறையில் வைத்தால் உறுமல். கடைசியில் பூஜை அலமாரிக்குக் கீழே இடம் கிடைத்தது. யூபிஎஸ் நள்ளிரவில் பீப் என்று கத்தும்போதெல்லாம் பாட்டி எழுந்து கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்.

பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது? இளையராஜா பாடல்கள் ஃப்ளாக் வடிவில். தானே வாங்கிய ப்ளூ-ரே தட்டுகளிலிருந்து ஏற்றிய படங்கள். விஎச்எஸ்-இலிருந்து மாற்றிய தன் கல்யாண வீடியோ. எல்லாவற்றுக்கும் ஜெல்லிஃபின் என்ற மென்பொருளைப் போட்டுப் போஸ்டர், நடிகர் பட்டியல் எல்லாம் அலங்காரம் செய்து வைத்திருக்கிறார். ஞாயிறு மதியம் அதே படம் கேடிவியில் ஓடும். அம்மாள் விளம்பரத்தோடு அதைத்தான் பார்ப்பார். "நம்மகிட்ட நல்ல பிரிண்ட் இருக்கே!" என்று இவர் துடிப்பார். "விளம்பரம் வந்தாத்தானே குழம்பை இறக்க முடியும்" என்பது பதில். இவர் அதையும் பார்ப்பதில்லை, இதையும் பார்ப்பதில்லை. அவர் பார்ப்பது டிஸ்க்குகளின் வெப்பநிலை.

வீட்டுக்கு வருகிறவர்கள் டாய் ஸ்டோரி 2 கதையைக் கேட்காமல் திரும்ப முடியாது. படத்தின் கதையை அல்ல. 1998-இல் பிக்சாரில் யாரோ தட்டிய ஒரு கட்டளையில் படத்தின் ஃபைல்கள் அழிந்துகொண்டே போனது, பேக்கப் ஒழுங்காக எடுக்கப்படவில்லை என்று தெரிந்தது, குழந்தை பிறந்து வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த கேலின் சஸ்மன் வைத்திருந்த பிரதி காப்பாற்றியது, அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றிக் காரில் கொண்டுவந்தது. போர்வை வரும் இடத்தில் டெராபைட்டாருக்குக் குரல் கம்மும். கோயம்புத்தூரில் மச்சினர் வீட்டுக்கு அவர் போகும்போதும் கையில் அப்படி ஒரு சுருட்டல் இருக்கும். ஸ்வீட் என்று நினைத்துக் குழந்தைகள் ஓடிவரும். பேக்கப் டிஸ்க்.

போன மாதம் சித்தப்பாவின் சதாபிஷேகம். பத்திரிகையில் போட இளவயதுப் படம் வேண்டும், அச்சகத்துக்காரர் காத்திருக்கிறார் என்று போன் வந்தது. டெராபைட்டாருக்குப் பெருமை பிடிபடவில்லை. இருக்கிறது, 1,200 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து ஆண்டுவாரியாக. ஆனால் ஸ்கிரப் ஓடிக்கொண்டிருக்கிறது. டிஸ்க்குகள் ஒவ்வொரு துண்டாகத் தம்மைச் சரிபார்த்துக்கொள்ளும் நேரம். ஓடும்போதும் ஃபைலை எடுக்கலாம் என்பது அவருக்கே தெரியும். ஆனாலும் தொட மனம் வரவில்லை. "காலையில முடிஞ்சுடும், அனுப்பிடுறேன்."

அம்மாள் குடும்ப வாட்ஸாப் குழுவில் தேடி, யாரோ என்றோ பொங்கல் வாழ்த்தோடு அனுப்பிய படத்தை அச்சகத்துக்குத் தட்டிவிட்டார். பத்திரிகை அச்சாகிவிட்டது.

"அது கம்ப்ரஸ் ஆனதுடி! மூக்கே தெரியல!"

"சித்தப்பாவுக்குப் பிடிச்சிருக்காம்."

டெராபைட்டார் பத்திரிகையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அந்த மூக்கில்லாத படத்தையும் அனுப்பச் சொல்லி வாங்கி, தனி ஃபோல்டர் போட்டு, பெட்டியில் ஒன்றும் கோயம்புத்தூர் டிஸ்க்குக்கு ஒன்றுமாக எடுத்து வைத்துக்கொண்டார்.