மூட்டுவலிக்கு மேலே, மற்றதற்குக் கீழே

கொல்லிமலைக்கு வரும் சமவெளிக்காரர்கள் முடவாட்டுக்கால் கிழங்கு சூப்பை ஊதிக் குடித்து, ‘மூட்டுவலி போயே போச்சு’ என்று காரில் இறங்குகிறார்கள். மலைமேல் திண்ணனூர் நாட்டில் வசிப்பவருக்கு மூட்டு தேய்ந்தால், சிறப்பு மருத்துவரைத் தேடி அதே 70 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்தில் இறங்கி நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ போகிறார். மூலிகை மலை என்ற பட்டம் யாருடைய வசதிக்கு என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது.

அரசு விதி ஒன்றும் ஈரமில்லாததல்ல. சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்றால், மலையில் 20,000 பேருக்கே ஒன்று. ஆனால் அந்த விதி தலையைத்தான் எண்ணுகிறது, வளைவை எண்ணுவதில்லை. மலைமேலேயே செம்மேட்டில் அரசு மருத்துவமனை இல்லையா, 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் ரத்த அழுத்த மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரவில்லையா என்று கேட்பார்கள். வாஸ்தவம்தான், அதைக் குறைசொல்ல மனம் வராது. ஆனால் சிக்கலான பிரசவமும் பாம்புக்கடியும் மாத்திரைக்கு அடங்குவதில்லை. தார்ச்சாலை முடிகிற இடத்தில் 108 ஆம்புலன்ஸும் நின்றுவிடும். மருத்துவர்கள் மலையேறத் தயங்குகிறார்களாம். குடியிருக்க நல்ல வீடும் பிள்ளைகளுக்குப் பள்ளியும் கொடுத்துவிட்டு அவர்களை ஏசலாம். அடுத்த விதியை எழுதப்போகும் அதிகாரி, காய்ச்சலடிக்கும் நாளில் பேருந்தில் நின்றபடியே அந்த 70 வளைவையும் ஒருதரம் இறங்கிப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுக்கட்டும்.